வாழைக்கும் விதை உண்டு

கோயம்பேடு சந்தையில் விடியற்காலையில் இறங்கும் தார்களில் எதை வெட்டிப் பார்த்தாலும் விதை கிடைப்பது அபூர்வம். பூவன், ரஸ்தாளி, மொந்தன், நேந்திரன், செவ்வாழை, பச்சை வாழை எல்லாமே அப்படித்தான். எப்போதாவது கற்பூரவள்ளியில் ஒன்று பல்லில் கடுக்கென்று மாட்டும். சாப்பிடுகிறவர் அதைக் கல் என்று நினைத்துத் துப்பிவிடுவார். அதனால் அம்பத்தூரிலோ ஆவடியிலோ ஒருவர் மாடியில் வாழை விதை போட்டிருக்கிறேன் என்று சொன்னால், பக்கத்து வீட்டுக்காரர் முதலில் சிரிக்கத்தான் செய்வார்.

அந்தச் சிரிப்பில் தப்பில்லை. நாம் தின்னும் வாழைகளில் பெரும்பாலானவை மும்மடியங்கள். ஒவ்வொரு செல்லிலும் குரோமோசோம்கள் இரண்டு தொகுதிக்குப் பதில் மூன்று தொகுதியாக இருக்கின்றன. விதை உண்டாக வேண்டுமானால் அவை சரிபாதியாகப் பிரிய வேண்டும். மூன்றைச் சரிபாதியாக எப்படிப் பிரிப்பது? போதாக்குறைக்கு, மகரந்தம் சேராமலேயே காய் பருக்கும் குணமும் இவற்றுக்கு இருக்கிறது. பழத்தின் நடுவே தெரியும் கரும்புள்ளிகள் விதையாகாமல் போன சூல்களின் மிச்சம். மனிதன் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொட்டையில்லாத மரத்தையே தேடி, அதன் பக்கக்கன்றையே பெயர்த்து நட்டு வந்ததில், வாழைக்கு விதை உண்டு என்பதே நமக்கு மறந்துபோய்விட்டது.

காட்டில் கதை வேறு. காட்டு வாழைப் பழத்தைப் பிளந்தால் சதை கொஞ்சமும் கொட்டை நிறையவுமாக இருக்கும். அழகுக்காக வளர்க்கும் வாழைகள் பலவும் இந்தக் காட்டு இனங்களே. சென்னையின் மேற்குப் புறநகரில் மாடித்தோட்டம் போடுகிறவர்கள் இப்போது தேடத் தொடங்கியிருப்பதும் இவற்றைத்தான். தேடல் நல்லது, தேடுகிற இடம்தான் பல சமயம் சரியில்லை.

கைப்பேசியில் வாழை விதை என்று தட்டிப் பார்த்தால் வருவது என்ன? நீலத் தோலுடன் ஒரு பழம், குட்டைத் தொட்டியில் குலை தள்ளிய ஒரு செடி, பக்கத்தில் நூறு விதை கொண்ட பாக்கெட், கூடவே தள்ளுபடி. நீல வாழை என்ற பெயரில் விற்கப்படும் ‘ப்ளூ ஜாவா’ உண்மையான ரகம்தான். அதன் இளங்காயில் சாம்பல் பூத்த நீலச்சாயல் இருக்கும், பழுத்தால் வெளிர்மஞ்சள். படத்தில் இருக்கும் ஊதா நீலம் கணினியில் ஏற்றியது. அதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு: ப்ளூ ஜாவா ஒரு மும்மடியம், விதையே இல்லாத ரகம். ஆக, அந்தப் பாக்கெட்டில் எது இருந்தாலும் ப்ளூ ஜாவா இருக்க முடியாது. ‘குட்டை கேவண்டிஷ் விதை’ என்று விற்பதும் இதே கணக்குத்தான். கொட்டையில்லாப் பழத்தின் கொட்டையைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கும்வரை இந்த வியாபாரம் ஓடும்.

சரி, விதை உள்ள அழகு வாழைகள் எவை? சென்னைக்கு மிகவும் ஒத்துப்போகிறது மூசா வெலுட்டினா. ஆள் உயரத்துக்குச் சற்றே மேலே போகும். இரண்டு மீட்டரைத் தாண்டுவது குறைவு. பூ நம் வாழைப்பூவைப் போலத் தலைகீழாகத் தொங்காமல் வானம் பார்த்து நிமிர்ந்து நிற்கும். மடல்கள் இளஞ்சிவப்பு. காய்கள் விரல் நீளத்துக்கு, மேலே மெல்லிய பூனைமுடியுடன், கண்ணைப் பறிக்கும் ரோஜா நிறத்தில் வரிசையாக நிமிர்ந்து நிற்கும். பழுத்ததும் யாரும் தொடாமலே நுனியிலிருந்து தோல் வெடித்துச் சுருண்டு கீழே மடங்கும். உள்ளே வெள்ளைச் சதை, அதற்குள் நெருக்கமாக மிளகைவிடச் சற்றுப் பெரிய கறுப்பு விதைகள். சதை இனிக்கும். ஆனால் ஒரு வாய் தின்ன எத்தனை விதையைத் துப்ப வேண்டும் என்பதைத் தின்று பார்த்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். பறவைக்கும் எறும்புக்கும் அந்தக் கவலை கிடையாது. தோல் வெடித்த அன்றே வந்துவிடுகின்றன.

இந்தச் செடி எந்த நாட்டுக்காரர்? நர்சரியில் கேட்டால் பாங்காக் என்பார்கள், ஹவாய் என்பார்கள். சொந்த ஊர் அசாம், அருணாசலப் பிரதேசப் பக்கத்து மலையடிவாரம். 1875இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டியவர்கள் ஹெர்மன் வெண்ட்லாண்டும் ஆஸ்கார் ட்ரூடேயும். வெண்ட்லாண்ட் ஜெர்மனியில் ஹானோவரின் ஹெரன்ஹவுசன் அரச தோட்டத்துக்குத் தலைமைத் தோட்டக்காரர். நம் வடகிழக்கில் ஓடையோரம் தானாக முளைத்துக் கிடந்த வாழை, ஐரோப்பியத் தோட்டங்களில் பெயரும் புகழும் வாங்கி, உலகைச் சுற்றி, வெளிநாட்டு அபூர்வம் என்ற விலைச்சீட்டோடு பூந்தமல்லி நெடுஞ்சாலை நர்சரிக்கு வந்து சேர்கிறது.

மூசா ஆர்னட்டாவுக்கும் ஏறக்குறைய இதே வரலாறு. வங்கம், பர்மா, வடகிழக்கு இந்தியா அதன் தாயகம். வெளிறிய ஊதா கலந்த இளஞ்சிவப்பு மடல்களுக்காகவே வளர்க்கிறார்கள். பெயர் வைத்தவர் வில்லியம் ராக்ஸ்பர்க். 1776இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி மருத்துவராகச் சென்னைக்கு வந்து, கோதாவரிக் கரைப் பக்கம் சாமல்கோட்டையில் தோட்டம் போட்டு, 1793இல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் பொறுப்புக்குப் போனவர். அவர் எழுதிய விவரம் அச்சேறியது அவர் இறந்த பிறகு, 1824இல். மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கலாம்: மூசா லாட்டரிட்டா. செங்கல் நிற மடல். டிரினிடாடில் வாழை ஆய்வு செய்த சீஸ்மன் 1949இல் பெயர் கொடுத்தார். இதன் கிழங்கு மண்ணுக்கடியில் நீண்டு ஓடித் தாயிலிருந்து தள்ளித் தள்ளிக் கன்று விடும். சின்னத் தோட்டக்காரர்கள் யோசித்து நட வேண்டிய செடி.

இலைக்காக வளர்ப்பதில் ‘ஜீப்ரினா’ என்ற சுமத்திரா, ஜாவா வாழை அழகானது. பச்சை இலையில் கருஞ்சிவப்புத் திட்டுகள் தெறித்திருக்கும். அதுவும் இங்கே வரும். ஆனால் படத்தைப் பார்த்து மயங்கி மூசா சிக்கிமென்சிஸையோ, எத்தியோப்பியாவின் என்செட்டே வென்ட்ரிகோசத்தையோ வாங்குவது வீண். அவை மலைக்குளிருக்குப் பழகியவை. மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடும் ஆவடி வெயிலில் அவற்றை நிறுத்துவது செடிக்கும் கொடுமை, பார்க்கிறவருக்கும் கொடுமை. பல அடுக்ககங்களின் வாசலில் நிற்கும் விசிறி வாழை இந்தக் குடும்பமே இல்லை. மடகாஸ்கரைச் சேர்ந்தது, விதையைச் சுற்றி நீல நிற உறை இருக்கும் வேறொரு செடி.

நிமிர்ந்த பூவுக்கும் தொங்கும் பூவுக்கும் உள்ள வேறுபாடு வெறும் அழகு சம்பந்தப்பட்டதல்ல. தொங்கும் பூக்கள் மாலையில் மடல் விரித்து வௌவாலுக்குத் தேன் வார்க்கின்றன. நிமிர்ந்த, பளிச்சென்ற நிறமுள்ள பூக்கள் பகலில் தேன்சிட்டை நம்பியிருக்கின்றன. அம்பத்தூரில் ஒரு முருங்கையோ செம்பருத்தியோ இருக்கும் தெருவில் தேன்சிட்டுக்குப் பஞ்சமில்லை. ஆகவே வெலுட்டினா ஒருமுறை பூத்துவிட்டால் விதைக்காக யாரும் தூரிகையும் கையுமாக நிற்க வேண்டியதில்லை. தன் மகரந்தத்திலேயே அது தாராளமாக விதை பிடிக்கும்.

இதுவரை சொன்ன மூசா வாழைகளுக்கெல்லாம் பக்கக்கன்று உண்டு. கன்று கிடைத்தால் விதை இல்லாமலே வளர்த்துவிடலாம். வேறு வழியே இல்லாமல் விதையை மட்டும் நம்பியிருக்கும் ஒரு வாழை நம் பக்கத்திலேயே இருக்கிறது: மேற்குத் தொடர்ச்சி மலையின் கல்வாழை. தெருவோரப் பூங்காக்களில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் கானாச் செடியையும் கல்வாழை என்கிறோம். இது அது இல்லை. இதன் அறிவியல் பெயர் என்செட்டே சூப்பர்பம். இதையும் முதலில் விவரித்தவர் ராக்ஸ்பர்க்தான்; ‘மூசா சூப்பர்பா’ என்று எழுதினார். 1940களின் பிற்பகுதியில் என்செட்டே என்ற தனிப் பேரினத்துக்கு மறுபடி உயிர் கொடுத்து, இதை அதற்குள் கொண்டுபோனவர் மேலே சொன்ன சீஸ்மன்.

கல்வாழை பாறைச் சரிவில் வளர்கிறது. அடி பருத்து, மேலே போகப் போக ஒடுங்கி நிற்கும். மழை ஓய்ந்து கோடை வந்தால் இலைகள் காய்ந்து விழும்; செத்துவிட்டது என்று நினைக்கும்படி வெறும் அடிக்குமிழ் மட்டும் பாறையிடுக்கில் உட்கார்ந்திருக்கும். அடுத்த மழையில் மறுபடி இலை விடும். இப்படிச் சில ஆண்டுகள் வளர்ந்து, ஒரே ஒரு முறை பூத்துக் காய்த்து மடியும். பக்கக்கன்று விடாது. சந்ததி என்றால் அந்த ஒரு குலையின் விதைதான். ஒவ்வொரு விதையும் சுண்டைக்காய் அளவு.

மலையோர ஊர்களில் இந்த விதையைச் சிறுநீரகக் கல்லுக்கு நாட்டு மருந்தாகப் பயன்படுத்தும் வழக்கம் இருக்கிறது. மருந்து வேலை செய்கிறதா என்பதை மருத்துவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். தோட்டக்காரர் கவனிக்க வேண்டியது வேறு: வாழ்நாளில் ஒரே முறை காய்க்கும் மரத்தின் குலையை முழுதாக வெட்டி எடுத்துவிட்டால் அந்தச் சரிவில் அடுத்த தலைமுறை கிடையாது. சுற்றுலா போகும்போது காப்புக்காட்டில் விதை பொறுக்கி வருவது சட்டப்படியும் குற்றம். தோட்டத்தில் வளர்ந்த தாய்மரத்தின் விதை கிடைத்தால் மட்டுமே கல்வாழை வளர்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. சென்னையில் அதை வளர்ப்பவர் செய்யும் வழக்கமான தவறு, கோடையில் இலை உதிர்ந்ததும் பயந்துபோய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பது. அடிக்குமிழ் அழுகிவிடும். அது தூங்கும்போது தொட்டியைக் காயவிட வேண்டும்.

இனி விதைக்குள் போகலாம். ஒரு விதையைப் பாக்குவெட்டியில் வைத்து அழுத்தினால், கொட்டைப்பாக்கை வெட்டுவதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கை வலிக்கும். அவ்வளவு கடினமான ஓடு. இரண்டாகப் பிளந்ததும், நல்ல விதையானால் உள்ளே அரிசி மாவைப் போன்ற வெண்மையான பொடி நிறைந்திருக்கும். அது முளைக்கான உணவு. ஒரு முனையில் ஓட்டில் சின்னத் துளையும், அதை அடைத்திருக்கும் ஒரு தக்கையும் தெரியும். தக்கைக்குக் கீழே குண்டூசித் தலை அளவில் கரு. முளைக்கும் நாளில் கரு ஓட்டைப் பிளப்பதில்லை. தக்கையைத் தள்ளிக்கொண்டு அந்தத் துளை வழியே வெளியே வருகிறது. ஆகவே ஓட்டைத் தேய்க்க விரும்புகிறவர்கள் தக்கை இருக்கும் முனையை விட்டுவிட்டுப் பக்கவாட்டில்தான் உப்புத்தாள் போட வேண்டும்.

பழைய விதையைப் பிளந்தால் மாவு பழுப்பேறி இருக்கும், அல்லது சுருங்கி ஓட்டை விட்டு விலகியிருக்கும். பத்து விதை வாங்கினால் ஒன்றை இப்படிப் பலி கொடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. தண்ணீரில் மிதந்தால் சொத்தை, மூழ்கினால் நல்லது என்ற பரீட்சையை வாழை விதையில் முழுசாக நம்ப முடியாது. பாக்குவெட்டி பொய் சொல்லாது.

வாழை விதை ஏன் இவ்வளவு அடம்பிடிக்கிறது என்பதை முதலில் முறையாக ஆராய்ந்தவர்களில் சிலர் அமெரிக்காவின் யுனைடெட் ஃப்ரூட் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் இருந்தார்கள் என்பது சுவாரசியம். விதையில்லா வாழையை விற்றே பெரிதான நிறுவனம் அது. பனாமா வாடல் நோயால் தோட்டங்கள் அழிந்தபோது புது ரகம் உருவாக்க விதை தேவைப்பட்டது. காக்ஸ், ஸ்டாட்ஸ்கி, கூஸ் மூவரும் 1960இல் மூசா பால்பிசியானா என்ற காட்டு வாழையின் விதைக் கருவைத் தனியே எடுத்துச் சோதனைக் குழாயில் வளர்த்துக் காட்டினார்கள். 1962இல் ஸ்டாட்ஸ்கியும் காக்ஸும் இன்னொன்றைக் கண்டுபிடித்தார்கள்: வெப்பநிலை ஒரே சீராக இருந்தால் அந்த விதை முளைக்க மறுக்கிறது, கொஞ்ச நேரம் அதிகம், கொஞ்ச நேரம் குறைவு என்று மாறி மாறிக் கிடைத்தால் முளைக்கிறது.

காட்டை நினைத்துப் பார்த்தால் இந்தப் பிடிவாதத்தின் காரணம் புரியும். காட்டு வாழை வெளிச்சம் விரும்பி. அடர்ந்த மரநிழலில் முளைத்தால் பிழைக்காது. நிழலில் கிடக்கும் மண்ணில் பகலுக்கும் இரவுக்கும் வெப்பம் அதிகம் மாறாது. ஒரு பெரிய மரம் சாய்ந்து வானம் திறந்தால், அந்த இடத்து மண் பகலில் சுடும், இரவில் குளிரும். மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் விதைக்கு, மேலே வெளிச்சம் வந்துவிட்டது என்று தெரிவதற்கு அந்த ஏற்ற இறக்கமே செய்தி. ஒரே பழத்து விதைகள் ஒன்றாக முளைக்காமல் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தள்ளித் தள்ளி முளைப்பதும் காட்டுக்கு ஏற்ற ஏற்பாடுதான். மாடித்தோட்டக்காரருக்கு எரிச்சல் மூட்டுவதும் அதுவேதான்.

தமிழ்நாட்டுக்கு வாழை விதை புதிதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1949இல் ஆடுதுறையில் இருந்த மத்திய வாழை ஆராய்ச்சி நிலையத்தில் வாழை இனக்கலப்பு தொடங்கியது. இந்தியாவில் அதுதான் முதல். 1952இல் கே. சி. ஜேக்கப் ‘மெட்ராஸ் பனானாஸ்’ என்ற நூலை எழுதினார். காட்டுவாழை ஒன்றுக்கு ‘மூசா காட்டுவாழானா’ என்று நம் ஊர்ப் பெயரையே லத்தீனாக்கிச் சூட்டியவர் அவர். பிறகு கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் லாடன் வாழையைக் காட்டு பால்பிசியானாவுடன் கலந்து, வந்த செடியை மறுபடி கதலியுடன் கலந்து, 1984இல் கோ 1 என்ற ரகத்தை வெளியிட்டது. மலைவாழையின் சுவையைச் சமவெளியில் கொண்டுவரும் முயற்சி அது. கீழ்ப்பழனி மலையில் முடிக்கொத்து நோய் விருப்பாட்சி, சிறுமலைத் தோட்டங்களைச் சூறையாடியிருந்த காலம். ஒரு புது ரகத்துக்காக எத்தனையோ குலைகளில் மகரந்தம் தடவி, கிடைத்த சில விதைகளை மண்ணில் நம்பிப் போடாமல் கருவை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் வளர்ப்பது இன்றும் வாழை விஞ்ஞானிகளின் வழக்கம். 1993இல் திருச்சியில் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம், காட்டு வாழைகளையும் சேர்த்துத்தான் நூற்றுக்கணக்கான வகைகளைப் பாதுகாத்துவருகிறது. காட்டில் இன்னும் பெயரில்லாமல் எத்தனை இருக்கின்றனவோ. 2014இல்தான் சிறிய அந்தமான் தீவிலிருந்து மூசா இண்டந்தமானென்சிஸ் என்ற புதிய இனம் அறிவிக்கப்பட்டது.

இப்போது மாடிக்கு வருவோம். மேற்குப் புறநகரில் விதை போட நல்ல மாதம் பிப்ரவரி. பகல் 30 டிகிரியைத் தாண்டும், இரவு 20ஐ ஒட்டி இறங்கும். கடலோரத்தில் இருப்பவர்களைவிட ஆவடி, பூந்தமல்லிக்காரர்களுக்கு இதில் சின்ன அனுகூலம் உண்டு. கடற்காற்று இங்கே வந்துசேர நேரமாகிறது. பகல் கூடுதலாகச் சூடேறி, இரவு கொஞ்சம் கூடுதலாகக் குளிர்கிறது. கோடையில் நம்மை வாட்டும் அதே குணம் வாழை விதைக்குச் சாதகம்.

பழம் வெடித்ததும் விதையைப் பிதுக்கி எடுத்து, மணலோடு சேர்த்து ஒரு துணியில் கசக்கிக் கழுவ வேண்டும். சதை ஒட்டியிருந்தால் பூஞ்சணமும் எறும்பும் நிச்சயம். கழுவிய நீர் தெளிந்த பிறகு இரண்டு நாள் ஊறவைத்து, நாளுக்கொரு முறை தண்ணீர் மாற்றினால் போதும். அன்று எடுத்த விதைக்கு அதுகூடக் கட்டாயமில்லை. உடனே விதைக்க முடியாதவர்கள் நிழலில் நன்றாக உலர்த்தி, காற்றுப்புகாத சீசாவில் போட்டு, பழுத்த தேதியை எழுதி ஒட்டி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கலாம். சமையலறை அலமாரியில் வெறும் காகிதப் பொட்டலமாக ஒரு கோடையைக் கழித்த விதை பெரும்பாலும் ஓடு மட்டும்தான்.

மண்கலவைக்குப் பாதி கோகோபீட், பாதி கழுவிய மணல். கோகோபீட்டில் உப்பு இருக்கும். கட்டியை ஊறவைத்துப் பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டு மூன்று தடவை இப்படி அலசிய பிறகே பயன்படுத்த வேண்டும். எம்-சாண்ட் போடுகிறவர்கள் அதில் உள்ள மாவுத்தூள் போகும்வரை கழுவ வேண்டும், இல்லாவிட்டால் தட்டு இறுகிவிடும். விதையை ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்து மூடினால் சரி. ஈரம் இருக்க வேண்டும், சொதசொதவென்று இருக்கக் கூடாது.

தட்டை மீன் ஐஸ் வைக்கும் தெர்மாகோல் பெட்டியில் இறக்கி, மேலே ஒரு கண்ணாடித் துண்டையோ தெளிவான பிளாஸ்டிக்கையோ மூடி, காலை வெயில் மட்டும் விழும் இடத்தில் வைப்பது எளிய ஏற்பாடு. பகலில் உள்ளே சூடேறும். சாயங்காலம் மூடியை எடுத்துவிட்டால் இரவில் குளிரும். காட்டில் மரம் சாய்ந்த இடத்தில் கிடைக்கும் ஏற்ற இறக்கம் இப்படி மாடியிலேயே கிடைத்துவிடுகிறது. ஒரே எச்சரிக்கை: ஏப்ரல் பிறந்ததும் பெட்டியை நிழலுக்கு நகர்த்த வேண்டும். மூடிய பெட்டிக்குள் உச்சிவெயில் விழுந்தால் விதை வெந்துவிடும். ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு வெப்பமானியை உள்ளே வைத்துவிட்டால் ஊகம் செய்ய வேண்டியதில்லை.

வெலுட்டினா அவ்வளவாக அடம்பிடிப்பதில்லை. புது விதையானால் இரண்டு மூன்று வாரத்திலேயே தலைகாட்டத் தொடங்கும். மற்றவை மாதங்கள் எடுக்கலாம். ஆறு மாதம் கழித்து வந்தவையும் உண்டு. ஒன்றும் வரவில்லை என்று தட்டைக் கொட்டிவிடுகிறவர்களே அதிகம். வந்தாலும் பலர் அதை அடையாளம் கண்டுகொள்வதில்லை, ஏனென்றால் முதல் இலை ஒல்லியாக, ஈட்டி முனையாக வரும். புல் என்று பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். வேலைக்கு வருகிற அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது உத்தமம்.

இரண்டு மூன்று இலை வந்ததும் தனித்தனிக் கவரில் மாற்றி, பச்சை நிழல்வலைக்குக் கீழே வைத்து, பிறகு பெரிய க்ரோ பேக்குக்கோ தரைக்கோ கொண்டுபோகலாம். வெலுட்டினா நன்றாகக் கவனித்தால் ஓராண்டு ஒன்றரை ஆண்டில் பூத்துவிடும்.

தண்ணீர்தான் இங்கே பெரிய தலைவலி. வாழை உப்பைத் தாங்காத பயிர். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருக்களில் இலை விளிம்பு முதலில் மஞ்சளாகி, பிறகு கருகிக்கொண்டே உள்ளே வரும். நோய் என்று நினைத்து மருந்தடிப்பார்கள். ஆர்.ஓ. கருவியின் கழிவு நீரைச் செடிக்கு ஊற்றுவது சிக்கனம் என்று பலரும் நினைக்கிறார்கள். போர் தண்ணீரில் இருந்த உப்பெல்லாம் செறிந்து நிற்பது அந்த நீரில்தான். வாழைக்கு அதை ஊற்றவே கூடாது. 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். வடகிழக்குப் பருவமழை நீரில் ஒரு பங்கையாவது நாற்றுக்கென்று தனித் தொட்டியில் பிடித்துவைத்தால் கோடையின் முதல் பாதியைத் தள்ளிவிடலாம்.

காற்றும் வெள்ளமும் மீதி. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் மாடிகளில் என்ன செய்தது என்பது இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாழை இலை கிழிவது பரவாயில்லை, தொட்டியோடு உருள்வதுதான் ஆபத்து. கட்டடத்தின் கிழக்குப் பக்கம் வைத்தால் மேற்கு வெயிலும் தப்பும், கைப்பிடிச் சுவரின் மறைப்பும் கிடைக்கும். தரையில் நட்டவர்கள் மேட்டுப்பாத்தி போட வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நின்றதைப் போல நாட்கணக்கில் தண்ணீர் தேங்கினால் வாழையின் வேர் மூச்சுமுட்டிச் செத்துப்போகும்.

வெளிநாட்டு விதை வேண்டுமென்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி, விதையானாலும் முன்கூட்டியே இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றும் வேண்டும். அதைப் பார்க்கும் மண்டல நிலையம் மீனம்பாக்கத்திலேயே இருக்கிறது. தபால் உறையில் பொம்மை என்று எழுதி வரும் பொட்டலம் சட்டவிரோதம். விதைதானே, என்ன வந்துவிடப் போகிறது என்ற எண்ணமும் தவறு. வாழைக் கீற்று வைரஸ் விதை வழியாகவும் பரவக்கூடியது. லட்சக்கணக்கான குடும்பங்கள் வாழையை நம்பியிருக்கும் மாநிலத்தில் ஓர் அழகுச் செடிக்காக அந்த ஆபத்தை வரவழைப்பது பொறுப்பில்லாத வேலை. கடல் கடந்து வரும்போது விதைக்கு எத்தனை மாதம் வயதாகிவிட்டது என்பதும் யாருக்கும் தெரியாது.

அதனால்தான் வாழை விதை விஷயத்தில் ஊறவைக்கும் கணக்கைவிட, எந்த மரத்து விதை, எப்போது பழுத்தது என்ற இரண்டு விவரங்களுக்கே அதிக மதிப்பு. அம்பத்தூரில் ஒரு வீட்டில் ஒரு வெலுட்டினா குலை தள்ளினால், அதன் விதை அந்தப் பேட்டைக்கே போதும். ஆந்திராவின் கடியம் நர்சரிகளிலிருந்து லாரியில் வரும் கன்று ஒன்றை வாங்கி வளர்த்து, அதையே தாய்மரமாக வைத்துக்கொள்வது எந்தப் பாக்கெட்டையும்விட மலிவு, நிச்சயமும்கூட.

விதை பரிமாறிக்கொள்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெலுட்டினாவும் ஆர்னட்டாவும் ஒரே தோட்டத்தில் பூத்தால் ஒன்றோடொன்று எளிதில் கலந்துவிடும். தேன்சிட்டுக்கு அறிவியல் பெயர் தெரியாது. அந்த விதையில் வரும் செடி வெலுட்டினாவின் ரோஜா நிறத்திலும் வரலாம், ஆர்னட்டாவின் ஊதாச் சாயலிலும் வரலாம், இரண்டுக்கும் நடுவே ஒரு நிறத்திலும் வரலாம். சிலருக்கு அதுவே ஆசை. ஆனால் வாங்குகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். பொட்டலத்தின் மேல் தாய்ச் செடியின் பெயர், பழம் வெடித்த தேதி, பக்கத்தில் வேறு எந்த வாழை பூத்திருந்தது என்ற மூன்றையும் பென்சிலால் எழுதிக் கொடுக்கலாம். பேனா மை ஃப்ரிட்ஜ் ஈரத்தில் கரைந்துவிடலாம்.